குடைப்பாறைக் கச்சேரி

பிஸ்கட் வேண்டாம், மேடம். மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. பொழுது இறங்கியபின் நான் எதையும் வாயில் வைப்பதில்லை. இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது சோற்றோடு உள்ளே போய்விடும். எங்கள் சமணக் குடும்பங்களில் அது பெரிய பாவம். நீங்கள் சாப்பிடுங்கள். ஏட்டு ஆனந்தராஜும் சாப்பிடட்டும். நான் சொல்லச் சொல்ல எழுதவேண்டிய கை, தெம்பு வேண்டும். அந்த விட்டில் பூச்சியை மட்டும் ஃபைலால் அடிக்காதீர்கள். ஊதினால் போய்விடும்.

பெயர் சாந்திகுமார். வயது ஐம்பத்தாறு. பூர்வீகம் மேல்சித்தாமூர், தொழில் செஞ்சியில் நெல் மண்டி. மனைவி சந்தனா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜினிஷா. அவளை உங்களுக்குத் தெரியும். நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறாள். பெண்ணை நன்றாகப் படிக்கவைத்தேன். பலன் தெரிகிறது.

நீங்கள் கேட்பது, செந்தமிழன் எப்படிச் செத்தான் என்பதை. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், என் நிலத்தில் நடந்த கச்சேரியில், தேனீ கொட்டிச் செத்தான். நான் ஊசி போட்டும் பிழைக்கவில்லை. செய்தித்தாளில்கூட ‘காப்பாற்றப் போராடிய நண்பர்’ என்று என் படத்தைப் போட்டிருந்தார்கள். படம் சுமாராக வந்திருந்தது.

நானும் அவனும் திண்டிவனத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அங்கே பாடகர் குழுவில் சேர்ந்தால் சனிக்கிழமை டிரில் கிடையாது. அப்படித்தான் இரண்டு பேருக்கும் வெள்ளைக்காரன் சங்கீதம் ஒட்டிக்கொண்டது. பிறகு நான் மண்டிக்கு வந்தேன், அவன் படித்துக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர் ஆனான். அவன் அம்மா தைலம்மாள் எங்கள் நிலத்தில் கடலை பிடுங்கியவர். நான் அதையெல்லாம் ஒரு விஷயமாக நினைப்பதே இல்லை. அவனிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன், நினைப்பதே இல்லை என்று.

பதினோரு வருஷத்துக்கு முன் இரண்டு பேருமாகச் செஞ்சியில் ஒரு பாடகர் குழு ஆரம்பித்தோம். நான் தலைவர், அவன் நடத்துநர். செஞ்சியில் கண்டக்டர் என்றால் விசில் ஊதி டிக்கெட் கிழிப்பவர். கையில் குச்சி வைத்துக்கொண்டு காற்றில் வீசுவதும் ஒரு உத்தியோகம் என்று ஊருக்கு விளங்கவைக்கவே இரண்டு வருஷம் ஆனது. முப்பத்துநாலு பேர். டீச்சர், நர்ஸ், மின்வாரிய லைன்மேன், உரக்கடைக்காரர், என் மகள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டு. அதில் கீழ்க்குரல் தனிப்பாட்டு என்று வந்தால் அது என்னுடையது. யாரும் கேட்டதில்லை, யாரும் மறுத்ததில்லை.

போன வருஷம் அவனுக்கு ஆசை பெரிதாகிவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் யாரோ தேவாலயத்துக்கு எழுதிய லத்தீன் துதி. பரோக் சங்கீதம் என்பார்கள். முக்கால் மணி நேரம். ஆமென் என்ற ஒரே சொல்லை மட்டும் நாலு நிமிஷம் இழுப்பார்கள். ஒருத்தர் ஒரு வரியை ஆரம்பிப்பார், அடுத்தவர் அதைத் துரத்துவார், மூன்றாமவர் இருவரையும் துரத்துவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். புதுச்சேரியிலிருந்து வயலின், எக்காளம் என்று பதினெட்டுப் பேர் வந்து வாசிக்க ஒப்புக்கொண்டார்கள்.

அதில் ஒரு கீழ்க்குரல் தனிப்பாட்டு உண்டு. பெரிய இடத்து ஆட்களை ஆண்டவன் கீழே இறக்கிவிட்டு, கீழே கிடப்பவர்களைத் தூக்கி மேலே வைப்பான் என்று பொருள். ஆண்டவனுக்கு நில உச்சவரம்புச் சட்டம் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டை நான் மூன்று மாதம் மண்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்று பழகினேன். மூட்டைகள் ஒரு குறையும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு ஒத்திகை. பாடி முடித்தேன். செந்தமிழன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு முப்பத்துநாலு பேர் முன்னால் சொன்னான்.

“சாந்தி, கோச்சிக்காதடா. கீழ் சொரத்துல உனக்குக் கொரலு நிக்கல. இத ரஞ்சித்து பாடட்டும். நீ டிம்பனி அடி. தாளம் உன்ன வுட்டா இங்க யாருக்குடா தெரியும்?”

ரஞ்சித் என்பவன் லைன்மேன். கம்பத்தில் ஏறுகிறவன். “சார், எனக்கு வேணாம் சார், நீங்களே பாடுங்க” என்று என் காலைத் தொட வந்தான். ஆசீர்வாதம் செய்தேன்.

டிம்பனி என்பது அண்டா மாதிரி செம்புப் பாத்திரத்தின் வாயில் தோல் கட்டிய முரசு. மாட்டுத் தோலை நான் தொடமாட்டேன் என்றேன். எனக்காகப் பிளாஸ்டிக் தாள் கட்டிய முரசை வரவழைத்தார்கள். அவ்வளவு மரியாதை. முக்கால் மணி நேர இசையில் எனக்கு எத்தனை அடி தெரியுமா, மேடம்? பதினாலு. மீதி நேரம் கைக்கோலைப் பிடித்துக்கொண்டு, அடிக்காத இடங்களை எண்ணிக்கொண்டு நிற்கவேண்டும். மனிதனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும் வாத்தியம் அது.

கல்யாண மண்டபத்தில் நடத்துவதாக இருந்தார்கள். நான்தான் என் நிலத்தைச் சொன்னேன். வல்லம் போகிற வழியில், கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஒரு பாறை. அடிப்பக்கம் குடைந்து, மேல்பக்கம் குடை மாதிரி முன்னால் நீண்டிருக்கும். குடைப்பாறை என்பார்கள். அதன் கீழ் நின்று தும்மினால் சாலை வரை கேட்கும். செந்தமிழன் வந்து பார்த்து, ஒரே ஒரு சுரம் பாடினான். பாறை அதை வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தது. கண் கலங்கிவிட்டான்.

“இதுக்குக் கீழதான்டா எங்கம்மா கூழு குடிக்கும்” என்றான்.

குடையின் உள்விளிம்பில் ஐந்து தேனடைகள் உண்டு. மலைத்தேனீ. ஒவ்வொன்றும் கதவு அகலம். தேன் எடுக்க வருகிறவர்களை நான் விடுவதில்லை. நாங்கள் தேன் சாப்பிடுவதில்லை; ஒரு சொட்டுத் தேனில் எத்தனையோ உயிர் என்பார்கள்.

மேடை போட இடம் பார்த்த அன்று தைலம்மாளையும் அழைத்து வந்திருந்தான். எண்பதை நெருங்குகிற வயது. மற்றவர்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். எங்கள் ஆட்களை ஊரில் நைனார் என்று கூப்பிடுவது வழக்கம்.

“நைனாரே, இதுக்குக் கீழ கருப்பு துணி கட்டினு யாரும் நிக்கக்கூடாது. பூச்சிக்குக் கருப்ப கண்டா ஆவாது. நாங்க கடல புடுங்கறப்ப கருப்பு பொடவயே கட்டமாட்டோம். பூவும் வைக்கமாட்டோம், வாசனைக்கும் வரும். எம்புள்ளைக்கு ஒரு கொட்டு தாங்காது. நீங்க பாத்துக்கோங்க.”

எனக்கு அது தெரியாது, மேடம். சொந்த நிலம், முப்பது வருஷமாக வந்துபோகிற இடம், தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது என் கொள்கை. பாத்துக்கறேன் என்றேன். மறுநாளே துணிக்கடைக்குப் போனேன்.

ஒரு கொட்டுத் தாங்காது என்பது மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது பனமலைக்குச் சுற்றுலா போனோம். ஏரிக்கரையில் அவன் கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டியது. பத்து நிமிஷத்தில் முகம் பூசணிக்காய் ஆகி, மூச்சு விசில் அடித்தது. சைக்கிளில் முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தவன் நான். அடுத்த முறை இன்னும் மோசமாகும், அட்ரினலின் மருந்தைக் கூடவே வைத்திருக்கவேண்டும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஒரு சின்ன டப்பா: இரண்டு கண்ணாடிக் குப்பி, ஒரு சிரிஞ்ச். காலாவதி ஆக ஆகப் புதிது வாங்கிப் போடுவான். அவன் உயிரோடு இருந்த நாற்பத்திரண்டு வருஷம் நான் மிதித்த சைக்கிளில் வந்தது. இதையும் நான் ஒரு விஷயமாக நினைப்பதில்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, பாறையின் கீழ் கடைசி ஒத்திகை. ரஞ்சித் அண்ணாந்து பார்த்தான்.

“சார், வேப்பந்தழ போட்டு பொக வுட்டா அரை மணி நேரத்துல எல்லாம் காலி சார். எங்க டவர்ல அப்டிதான் பண்ணுவோம்.”

“புகையில குஞ்செல்லாம் வெந்து சாவும்பா” என்றேன். “என் நெலத்துல அது நடக்காது. வேணும்னா கச்சேரிய வேற எங்கனா வச்சிக்கோங்க.”

அழைப்பிதழ் செஞ்சி முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. மேடை போட்டாகிவிட்டது. எல்லோரும் செந்தமிழனைப் பார்த்தார்கள். அவன் அடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இது கொட்டாதாடா?”

“முப்பது வருஷமா தொங்குது. யாரையாவது கொட்டிச்சினு கேள்விப்பட்டியா?”

“விட்றா ரஞ்சித்து” என்றான். “அவங்க தர்மம் அது. அவன் நெலத்துல பாடிக்கினு அவன் தர்மத்த மிதிக்கக்கூடாது. ஊசி இருக்குதில்ல, போதும்.”

டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தான். மேடையில் அவனுக்கு மிக அருகில் நிற்பவன் நான். அதோடு என் மனைவிக்கு ஒன்பது வருஷம் இன்சுலின் போட்டவன். எனக்கு இருக்கிற கைத்திறமையில் ஊர் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். என் மதத்தை இத்தனை மரியாதையோடு நடத்திய இன்னொரு மனிதனை நான் பார்த்ததில்லை. அது அவனுக்கு நல்லபடியாக முடியவில்லை.

சனிக்கிழமை பொழுது இறங்குமுன் வீட்டில் சாப்பிட்டேன். ஜினிஷா பரிமாறினாள்.

“நாளைக்கு சாயந்தரத்துலருந்து மூணு நாள் எனக்கு உலை வைக்காதம்மா. உபவாசம்.”

“இன்னாத்துக்கு நைனா? நோம்பு ஒண்ணும் இல்லியே.”

“தேனீங்களுக்காக” என்றேன்.

அவளுக்கு மனசெல்லாம் மறுநாள் பாட்டில். சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இருநூறு நாற்காலி, முந்நூறு பேர். குழுவுக்கு எல்லாம் வெள்ளை உடை. தலைவர் என்ற முறையில் நான் போட்ட ஒரே உத்தரவு அது. நடத்துநருக்கு மட்டும் கறுப்புக் கோட்டு. என் அன்பளிப்பு, நல்ல கம்பளித் துணி. அவன் போட்டுப் பார்த்துக் கூச்சப்பட்டான்.

“மாப்ள மாரி இருக்குதாடா?”

“மாப்பிள்ளையேதான்” என்று, பையிலிருந்து ஜவ்வாது எடுத்துக் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பூசிவிட்டேன். ரோஜா மாலை போட்டேன். முன்வரிசையில் தைலம்மாள். கோட்டைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை.

பாட்டு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய் சாட்சி ஆகிவிடும். வயலின்கள் எறும்பு வரிசை மாதிரி ஓடின. நாலு குரலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பாறைக்குள் ஏறி, எட்டுக் குரலாக இறங்கின. ரஞ்சித் தன் தனிப்பாட்டைப் பாடினான். பெரியவர்களைக் கீழே இறக்கினான், சிறியவர்களைத் தூக்கி வைத்தான். என்னைவிட நன்றாகப் பாடினான். அந்த ஒரு காரியத்தை மட்டும் அவன் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அதுவரை எட்டு அடி அடித்திருந்தேன், எல்லாம் ஒழுங்காக. ஒன்பதாவது அடி, ஆமென் தொடங்கும் இடம். என் இசைத் தாளில் அந்த இடத்தில் செந்தமிழன் பென்சிலால் எழுதியிருந்தான்: ‘மெதுவா, சாந்தி.’

கச்சேரிக்கு முந்தின வியாழக்கிழமை உச்சிவெயிலில் நான் தனியாக முரசோடு வந்து அடித்துப் பார்த்திருந்தேன். மெதுவாக அடித்தால் அடைகள் சும்மா இருக்கும். ஓங்கி இரண்டு அடித்தால், காற்றில் கறுப்புத் துணி உதறுவது மாதிரி ஓர் அலை ஓடும். நாலு அடித்தால் நான் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளவேண்டும். அன்று ஏறிக்கொண்டேன்.

ஒன்பதாவது அடியைக் கையை ஓங்கி அடித்தேன். பாறை அதை இடியாக்கியது. செந்தமிழன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை. வலது கை தாளத்தை விடாமல், இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அமுக்கிக் காட்டினான். மெதுவா. அவன் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், கையால் சொன்னது. பத்தாவதும் பதினோராவதும் இன்னும் ஓங்கி அடித்தேன். எக்காளங்களும் சேர்ந்துகொண்டன. மேலே அலை ஓடியது. பிறகு அலை கீழே விழுந்தது.

வெள்ளை உடுத்திய முப்பத்துநாலு பேரை விட்டுவிட்டு, அது நேராகக் கறுப்புக் கோட்டில் இறங்கியது. தைலம்மாள் சொன்னது எவ்வளவு சரி. நாற்காலிகள் கவிழ்ந்தன. வயலின்காரர்கள் வாத்தியத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடலைக் கொல்லையில் ஓடினார்கள். பாட்டு நின்றுவிட்டது. நான் மீதியையும் அடித்து முடித்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. எனக்குக் கொடுத்ததை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று நாளை யாரும் சொல்லிவிடக்கூடாது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஒரே ஒருவர் மட்டும் உள்ளே ஓடி வந்தார். தைலம்மாள் தன் வெள்ளைப் புடவை முந்தானையை உருவி மகன்மேல் போர்த்தி, தானும் அவன்மேல் கவிழ்ந்துகொண்டார். அந்த அம்மாளையும் கொட்டியது. “ஊசி போடுங்க நைனாரே, ஊசி போடுங்க” என்று கத்திக்கொண்டே இருந்தார்.

போட்டேன். ரஞ்சித்தும் என் மகளும் ஓடிவந்து சாக்கை விசிறி மறைத்தார்கள். நான் குப்பியை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, தொடையில் இறக்கினேன். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவதும் போட்டேன். வேனில் ஏற்றி, செஞ்சி ஊருக்குள் நுழையுமுன் மூச்சு நின்றுவிட்டது. மொத்தம் இருபத்துமூன்று பேருக்குக் கொட்டு. என் மகளுக்குக் கன்னத்தில். வேறு யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. வேனில் தைலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஆன மட்டும் பாத்தீங்க நைனாரே, அவன் விதி” என்றார். ஆறுதல் சொன்னேன்.

இங்கே நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கவேண்டாம், ஏட்டையா. சொல்லிவிடுகிறேன். குப்பிகளில் இருந்தது ஊசி மருந்து கலக்குகிற வெறும் தண்ணீர். மேலே லேபிளைச் சுரண்டிவிட்டால் எல்லாக் குப்பியும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயந்தரமே மாற்றினேன்.

நிஜ மருந்தைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய பொருளைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. வெயிலில் கெட்டுவிடும் என்று ஃபிரிட்ஜில், அவரைக்காய்ப் பைக்குப் பின்னால், பத்திரமாக வைத்திருந்தேன். முந்தாநாள் வியாழக்கிழமை, என் உபவாசம் முடிகிற காலை. ஜினிஷா எனக்குப் பொரியல் செய்ய அவரைக்காயை எடுத்தாள். இரண்டு குப்பியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“நைனா, தேனீங்க செத்தது ஞாயித்துக்கெழம. நீங்க அதுங்களுக்கு உபவாசம்னு சொன்னது சனிக்கெழம.”

நீங்களே சொல்லுங்கள். பிராயச்சித்தத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதில் என்ன தவறு? தேனீக்கள் சாகப்போவது தெரிந்தே ஒரு காரியத்தில் இறங்குகிறவன், அந்த உயிர்களுக்கு அந்த அளவாவது செய்யவேண்டாமா? தேனீ ஒருமுறை கொட்டினால் செத்துவிடும், மேடம். கொடுக்கு அங்கேயே தங்கிவிடும், குடல் பிய்ந்துவிடும். பாவம், அதற்கு அது தெரியாது.

“பெத்த பொண்ணு கேக்கறேன், எதுனா சொல்லுங்க” என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். பொறுப்பான பெண்.

அவ்வளவுதான். இடம் பார்த்தது, கோட்டு எடுத்தது, வாசனை பூசியது, ஓங்கி அடித்தது, தண்ணீர் போட்டது, எல்லாம் நான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இருங்கள். இதில் ‘ஒரு கொலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்துங்கள், மேடம், என் மனசாட்சி ஒப்பாது. திங்கட்கிழமை விடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு போய், பாறையின் கீழ் செத்துக் கிடந்த தேனீக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணி, வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். அழுகை வந்துவிட்டது. முந்நூற்றுப் பத்தொன்பது உயிர். அதை எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அவனைச் சேர்க்காமல்.